பச்சைப் பிள்ளை ஏன் நடுங்குவதில்லை?

என்ட மூத்த மகன் பிறந்தது ஒரு மார்கழி மாத மழைக்குள்ள. நிறை இரண்டு கிலோவும் நூறு கிராமும். ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த அடுத்த நாள் விடியற்காலை, சுபஹு தொழுத கையோடு உம்மம்மா பிள்ளைக்குக் குளிக்க வார்த்தார். வெதுவெதுப்பான தண்ணீர்தான். எண்ணெய் தடவி, கை கால் நீவி, ஆறுதலாகத்தான் எல்லாம் நடந்தது. குளித்து முடிந்த பிள்ளை அழவில்லை. பாலுக்கும் எழும்பவில்லை. "பாருங்க, என்ன சோக்காத் தூங்குறான்" என்று வீடே சந்தோஷப்பட்டது.

பத்து மணிபோல எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பிள்ளையின் உடுப்பைக் கழற்றி, என் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்ட வைத்து, மேலே இரண்டு சீலையால் மூடி, தலைக்குத் தொப்பியும் போட்டார். பால் பீய்ச்சிச் சின்னக் கோப்பையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்: "இவன் தூங்கல்ல டீச்சர். குளிர்ல களைச்சுப்போய்க் கிடக்கிறான்."

உம்மம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "குளிர்ந்தா நடுங்கி இருப்பானே புள்ள?"

"பச்சப் புள்ள நடுங்காது உம்மா. அதுதான் பயம்."

இன்று அவன் என்னைவிட உயரம். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. நடுங்காத பிள்ளை எதை வைத்துச் சூட்டைக் காத்துக்கொள்கிறது? தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது சம்பந்தமில்லாத கேள்விதான். என்றாலும், பிள்ளை பெறுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் சம்பந்தமானது என்பதால் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே சொல்கிறேன்.

நடுங்கும் சூடும் நடுங்காத சூடும்

பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெடுநல்வாடையின் தொடக்கத்தில் நக்கீரர், மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பில் கை காய்ச்சியும் போதாமல் நடுங்குவதைக் காட்டுகிறார். நம் பேச்சில் 'கொடுகுது' என்று சொல்வதும் அதைத்தான். நடுக்கம் வீண் அசைவல்ல. தசைகள் வேகவேகமாகச் சுருங்கி விரிகின்றன. அந்த வேலைக்கு எரிபொருள் எரிகிறது. எரியும்போது சூடு பிறக்கிறது.

புலவர் கண்ணுக்குத் தெரிந்தது நடுக்கம். யார் கண்ணுக்கும் தெரியாத இன்னொரு சூடும் உடம்பில் உண்டு. அதை உண்டாக்குவது கபிலக் கொழுப்பு. நாம் வழக்கமாகக் கொழுப்பு என்று சொல்வது வெள்ளைக் கொழுப்பை. வயிற்றிலும் இடுப்பிலும் சேர்வது அது. அதன் கலம் ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கொழுப்புத் துளி நிறைந்திருக்கும். அதன் வேலை சேமித்து வைப்பது. கபிலக் கொழுப்புக் கலத்திலோ பெரிய துளிக்குப் பதிலாகச் சின்னச் சின்னத் துளிகள் பல இருக்கும். அவற்றைச் சுற்றி இழைமணிகள் நெருக்கமாக நிறைந்திருக்கும். இழைமணிகளில் உள்ள இரும்பு கலந்த புரதங்களும், அந்த இழையத்தில் பின்னிக் கிடக்கும் குருதி மயிர்க்குழாய்களும்தான் அதற்குக் கபில நிறத்தைக் கொடுக்கின்றன. இதன் வேலை சேமிப்பதல்ல, எரிப்பது.

எல்லாக் கலங்களிலும் இழைமணி எரிபொருளை எரித்து, அந்தச் சக்தியைக் கலத்தின் வேலைக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. கபிலக் கொழுப்பின் இழைமணியில் மட்டும் யூ.சி.பி. 1 என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது அந்தச் சக்தியை வேலைக்குப் போகவிடாமல் இடையிலேயே கசியவிட்டுச் சூடாக்கிவிடுகிறது. த்ரீவீலரை நியூட்ரலில் வைத்து ரேஸ் பண்ணினால் என்ன நடக்கும்? வண்டி ஓர் அங்குலமும் நகராது. என்ஜின் சுடும். பெற்றோல் குறையும். கபிலக் கொழுப்பு செய்வதும் அதுவே. இங்கே என்ஜின் சுடுவதுதான் நோக்கம். ஆனால் பெற்றோல் குறைகிறது என்பதை மறக்கக்கூடாது. இந்தக் கட்டுரை அந்தப் பெற்றோலைப் பற்றியது.

எரிபொருள் எங்கிருந்து வருகிறது?

தோலில் குளிர் பட்டதும் செய்தி மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழுக்குப் போகிறது. அங்கிருந்து பரிவு நரம்புகள் வழியாகக் கபிலக் கொழுப்புக்குக் கட்டளை வருகிறது. நரம்பு முனைகள் நொரதிரனலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும் கலத்துக்குள் இருக்கும் சின்னத் துளிகள் உடைந்து கொழுப்பமிலங்கள் வெளிவருகின்றன. இந்தக் கொழுப்பமிலங்களுக்கு இரண்டு வேலை: யூ.சி.பி. 1 புரதத்தைத் திறந்துவிடுவதும் அவைதான், எரிந்து தீர்வதும் அவைதான். திறப்பும் அதுவே, விறகும் அதுவே.

கலத்துக்குள் இருக்கும் துளிகள் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் மாதிரி. பற்றவைக்கப் போதும், இரவு முழுக்க எரிக்கப் போதாது. அதற்குப் பெரிய இருப்பு வேண்டும்.

பெரிய இருப்பு என்றால் திருகோணமலைக்காரருக்கு வேறு உதாரணம் தேவையில்லை. பிரித்தானியக் கடற்படைக்காகச் சீனன்குடாவில் கட்டப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் தன் வயிற்றில் கொஞ்சம் எண்ணெய்தான் கொண்டு வரும். தூரப் பயணத்துக்கு வேண்டியதைத் தாங்கியிலிருந்து குழாய் வழியாக நிரப்பிக்கொள்ளும். நம் உடம்பின் சீனன்குடா வெள்ளைக் கொழுப்புதான். குளிர்க் கட்டளை அங்கும் போகிறது. வெள்ளைக் கொழுப்பு உடைந்து, கொழுப்பமிலங்கள் குருதியில் இறங்கி, அல்புமின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு கபிலக் கொழுப்புக்கு வந்து சேர்கின்றன.

மூன்றாவது வழி சாப்பாடு. சாப்பிட்ட கொழுப்பும், ஈரல் பொதிசெய்து அனுப்பும் கொழுப்பும் சிறு பொட்டலங்களாகக் குருதியில் மிதந்து வரும். கபிலக் கொழுப்பின் மயிர்க்குழாய்ச் சுவரில் இருக்கும் ஒரு நொதியம் அவற்றைப் பிரித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். நான்காவது சீனி, அதாவது குளுக்கோசு. அதில் ஒரு பங்கு எரிகிறது. ஒரு பங்கு செலவான கொழுப்புத் துளிகளை மீண்டும் நிரப்புவதற்குப் பயன்படுகிறது.

இவை எல்லாம் எரிய ஒட்சிசன் வேண்டும். ஆகவே சூடு தேடும் உடம்பு மூச்சையும் கூடுதலாகச் செலவழிக்கிறது. நோஞ்சான் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்த விதம்

கபிலக் கொழுப்பு கைக்குழந்தைகளுக்கும் குளிர்காலம் முழுக்கத் தூங்கும் விலங்குகளுக்கும் மட்டுமே முக்கியம், பெரியவர்களிடம் சொல்லத்தக்க அளவில் இல்லை என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். புற்றுநோயைத் தேடக் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோசைக் குருதியில் செலுத்திப் படமெடுக்கும் பழக்கம் வந்தபோது, சிலருடைய கழுத்திலும் தோள்பட்டை எலும்புக்கு மேலும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வெளிச்சம் தெரிந்தது. குளிர்காலத்தில் இது கூடுதலாகத் தெரிந்தது. 2009இல் அமெரிக்கா, நெதர்லாந்து, பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரே மருத்துவ இதழில் மூன்று கட்டுரைகள் வெளியிட்டு, பெரியவர்களிடமும் வேலை செய்கிற கபிலக் கொழுப்பு உண்டு என்று நிறுவினார்கள்.

படத்தில் வெளிச்சமாகத் தெரிந்தது குளுக்கோசு என்பதால், கபிலக் கொழுப்பு சீனியைத்தான் எரிக்கிறது என்று பலர் எண்ணிவிட்டார்கள். உண்மையில் அதன் பிரதான எரிபொருள் கொழுப்பு. அந்தப் படத்துக்கு அடையாளம் ஏற்றியது சீனியில். ஆகவே சீனி மட்டும் தெரிந்தது.

எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்பதில் 2017ஆம் ஆண்டு முக்கியமானது. எலிகளின் கபிலக் கொழுப்பில் மட்டும் சொந்தத் துளிகளை உடைக்க முடியாதபடி செய்து, அவற்றைக் குளிரில் விட்டுப் பார்த்தார்கள். எலிகள் தாக்குப்பிடித்தன. போத்தல் பூட்டியிருந்தாலும் தாங்கியிலிருந்து எண்ணெய் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கொழுப்பையும் சேர்த்துப் பூட்டி, சாப்பாடும் கொடுக்காமல் விட்டபோது சூடு விழுந்துவிட்டது. சாப்பாடு கிடைத்த எலிகள் தப்பின. சாப்பாடே சூடு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டில் கனடாவில் ஆண்கள் சிலருக்கு, கொழுப்பு உடைவதைத் தடுக்கும் நிக்கோட்டினிக் அமிலத்தைக் கொடுத்துக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். கபிலக் கொழுப்பின் எரிப்பு குறைந்தது. உடனே நடுக்கம் கூடியது. ஒரு அடுப்பு அணைந்ததும் மற்ற அடுப்பு பற்றிக்கொண்டது.

இங்கேதான் என் உம்மம்மாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நமக்கு இரண்டு அடுப்பு. பச்சைப் பிள்ளைக்கு நடுங்கும் திறன் இன்னும் முதிரவில்லை. அதற்கு இருப்பது ஒரே அடுப்பு. அது அணைந்தால் மாற்று இல்லை, அணைவதை வெளியில் காட்டும் நடுக்கமும் இல்லை.

பிறந்த பிள்ளையின் கணக்கு

பிறந்த பிள்ளையின் முதுகுப் பட்டைகளுக்கு நடுவிலும், கழுத்திலும், அக்குளிலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் கபிலக் கொழுப்பு இருக்கிறது. கர்ப்பத்தில் இருக்கும்போது அது வேலை செய்வதில்லை. தாயின் சூடே போதும். சூல்வித்தகத்திலிருந்து வரும் சில பொருட்கள் அதை அடக்கியும் வைத்திருக்கின்றன. தொப்புள்கொடி வெட்டப்பட்டு, தோலில் முதல் குளிர் பட்டதும் அடுப்பு பற்றுகிறது.

ஆனால் கையிருப்பு குறைவு. ஈரலில் சேமித்த சீனி பிறந்து ஒரு நாளுக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். நிறை குறைந்த பிள்ளைக்கு வெள்ளைக் கொழுப்பும் மெல்லிசு. அதாவது சீனன்குடாவே இல்லை. கபிலக் கொழுப்பு வளர்வது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் என்பதால், மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு அடுப்பும் சின்னது. இலங்கையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பிள்ளை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த நிறையில்தான் பிறக்கிறது. என் மகன் அவர்களில் ஒருவன்.

செலவோ அதிகம். நிறையோடு ஒப்பிட்டால் பிள்ளையின் தோற்பரப்பு பெரியவர்களுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தலை பெரிது. ஈரம் காயும்போது சூட்டையும் கொண்டு போகும். திருகோணமலையில் மாரி காலத்து விடியற்காலை 24, 25 பாகை என்றால் நமக்கு ஒரு போர்வை போதும். உடுப்பில்லாத பச்சைப் பிள்ளைக்குச் சௌகரியமான வெப்பநிலையோ 32 பாகைக்கு மேல். நமக்குச் சுகமான காற்று அதற்குக் குளிர். 'எங்கட ஊருல என்ன குளிர்' என்ற நினைப்புதான் நம்மை ஏமாற்றுகிறது.

என் வீட்டில் நடந்ததை இப்போது விளங்கிக்கொள்ள முடிகிறது. தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. பிறந்து ஒரு நாளுக்கு மேலும் ஆகியிருந்தது. ஆனால் விடியற்காலை, வாடைக்காற்று, ஆறுதலாக எண்ணெய் தடவல், நனைந்த தலை, அதற்கு முன் பாலும் கொடுக்கவில்லை. பிள்ளை தன்னிடம் இருந்த கொஞ்ச எரிபொருளை எரித்துச் சூட்டைக் காத்தது. எரிபொருள் குறைந்ததும் சோர்ந்தது. சோர்ந்ததால் பால் இழுக்கவில்லை. பால் இல்லாததால் மேலும் எரிபொருள் இல்லை. நாங்கள் சுற்றி நின்று "நல்லாத் தூங்குறான்" என்றோம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் மற்றவை தானாக விளங்கும்: பச்சைப் பிள்ளைக்குச் சூடு கொடுப்பதும் பால் கொடுப்பதும் ஒரே வேலை. தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. தாங்கி வெறுமையான துறைமுகத்துக்கு எண்ணெய்க் கப்பல் வருவது மாதிரி.

பிறந்த உடனே பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் வைப்பதும், ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுப்பதும், முதல் குளிப்பை 24 மணித்தியாலம் தள்ளிப்போடுவதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சைப் பார்த்து 'அழுக்கு' என்று அவசரப்பட வேண்டாம். அது தோலுக்குக் காப்பு. பாங்கு சொல்வதற்குப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே கொண்டு போக வேண்டியதில்லை. தாயின் நெஞ்சில் இருக்கும்போதே வாப்பா குனிந்து காதில் சொல்லலாம்.

நிறை குறைந்த பிள்ளையைத் தாயின் வெறும் நெஞ்சோடு கட்டி வைக்கும் முறைக்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் கடைசியில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியொன்றில் தொடங்கியது. இந்தியாவும் நான்கு ஆபிரிக்க நாடுகளும் பங்குபற்றி 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கியதால் நிறை குறைந்த பிள்ளைகளின் மரணம் கால்வாசி குறைந்தது. தாய்க்கு முடியாத நேரம் வாப்பாவோ உம்மம்மாவோ நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் குளிக்க வார்ப்பதென்றால் வெயில் ஏறிய பிறகு, கதவை அடைத்து, பால் கொடுத்து, சீக்கிரமாக முடித்து, தலையை முதலில் துடைக்க வேண்டும். ஏழாம் நாள் முடி களைந்தால் உடனே தொப்பி போட வேண்டும். முடியும் ஒரு போர்வைதான். சூட்டுக்காகப் பூட்டிய அறைக்குள் தணல் சட்டி வைப்பது ஆபத்து. அதன் நச்சு வாயு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொல்லக்கூடும்.

பிள்ளையின் வயிறும் உள்ளங்காலும் ஒரேமாதிரிச் சூடாக இருந்தால் நல்லது. கால் குளிர்ந்து வயிறு சூடாக இருந்தால் உடம்பு போராடத் தொடங்கிவிட்டது. நெஞ்சோடு அணையுங்கள், பால் கொடுங்கள். வயிறும் குளிர்ந்து, பிள்ளை பால் இழுக்காமல் வாடிக் கிடந்தால் நெஞ்சோடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டாரின் புதுக் கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: இப்னு சீனா ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய கானூனில் பிறந்த பிள்ளையின் பராமரிப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். பிள்ளை படுக்கும் இடத்தின் காற்று மிதமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதில் ஒன்று.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

கபிலக் கொழுப்பு கொழுப்பை எரிக்கிறது என்றதும் கைபேசி வீடியோக்களில் வைத்தியம் தொடங்கிவிட்டது. "ஐஸ் தண்ணில குளிச்சா தொப்பை கரையும், சீனி வருத்தம் போகும்" என்கிறார்கள். எங்கள் சமூகத்தில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. ஆகவே கேட்க ஆசையாகத்தான் இருக்கும்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் தெற்காசிய வம்சத்து இளைஞர் 12 பேரையும் ஐரோப்பிய இளைஞர் 12 பேரையும் ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தெற்காசியரிடம் கபிலக் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவர்கள் சீக்கிரமே நடுங்கவும் தொடங்கினார்கள். நமக்குச் சீனி வருத்தம் அதிகம் வர இதுவும் ஒரு காரணமோ என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். ஆனால் அதற்கு முந்திய ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் செய்த இதேபோன்ற ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறு தொகையினரை வைத்துச் செய்தவை இவை. தீர்ப்பு சொல்ல இன்னும் நாள் இருக்கிறது.

குளிரால் சீனி வருத்தக்காரருக்கு நன்மை உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வில் எட்டுப் பேரைப் பத்து நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் வரை, 14, 15 பாகைக் குளிரில் வைத்தார்கள். இன்சுலின் வேலை செய்வது நன்றாகவே கூடியது. ஆனால் அந்த நன்மை பெரும்பாலும் தசையிலிருந்து வந்தது, கபிலக் கொழுப்பிலிருந்து அல்ல. அந்தக் குளிருக்கு நாம் நுவரெலியாவில்தான் குடியேற வேண்டும். தசையை வேலை வாங்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அஸருக்குப் பிறகு கடற்கரையோரம் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் போதும். இருதய வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் திடீரென்று ஐஸ் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. குளிர் பட்டதும் குருதிக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும்.

பெரியவர்களுக்குக் கபிலக் கொழுப்பு ஒரு சின்ன உதவி. அது உயிர் காக்கும் பொருளாக இருப்பது பிறந்த பிள்ளைக்குத்தான்.

அண்மையில் என் தங்கச்சியின் மகளுக்குப் பிள்ளை கிடைத்தது. அதுவும் மாரி காலம்தான். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அடுத்த நாள் காலை என் உம்மா சட்டியில் தண்ணீர் சூடாக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போய், பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் குளிருது. முதல்ல பாலைக் குடு மகள். குளிப்பு வெயில் வந்தாப் பாப்பம்" என்றார்.